எரிமலைத் தக்காளி

2023-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் தெருவுக்கு வழக்கமாகக் காய்கறிக் கூடை கொண்டு வரும் அம்மாளிடம் தக்காளி என்ன விலை என்று கேட்டேன். கிலோ நூற்றிருபது ரூபாய் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இரண்டு மாசத்துக்கு முன்னாலே இருபது ரூபாய்க்குக் கூவிக் கூவிக் கொடுத்தீங்களே, அம்மா!" என்றேன்.

"அப்பவே அஞ்சு கிலோவா வாங்கிப் போட்டிருக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு, அவளே சிரித்துக் கொண்டாள். "வாங்கித்தான் என்ன பண்ணுவீங்க? பானையிலே அடைச்சு வைக்க இதென்ன புளியா?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. யோசித்துப் பார்த்தால், தக்காளியின் துயரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. விலை ஏறும்போது வாங்குகிறவன் வயிறெரிகிறான். விலை விழும்போது விளைவித்தவன், வண்டிச் சத்தம்கூடக் கட்டாது என்று கூடை கூடையாகச் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகிறான். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தக்காளி காத்திருக்காது. புளி காத்திருக்கும், மிளகாய் காத்திருக்கும், நெல் குதிரில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். தக்காளி மட்டும் பழுத்த நாளிலிருந்து ஓட்டப் பந்தயம் ஓடுகிறது.

ஆனால் இந்த உலகத்தில் ஓரிடத்து ஜனங்கள் தக்காளிக்குக் காத்திருக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் பறித்த பழத்தை அடுத்த வசந்த காலம் வரையில் பழமாகவே வைத்திருந்து சாப்பிடுகிறார்கள். இதற்கு ஐஸ் பெட்டி கிடையாது. தகர டப்பா கிடையாது. உப்பிலும் போடுவதில்லை, வெயிலிலும் உலர்த்துவதில்லை. ஒரு கயிறும், வீட்டு உத்தரத்தில் ஓர் ஆணியும் போதும். அவர்கள் வசிக்கும் இடமோ சாதாரண இடமல்ல. பாம்பேயி நகரத்தைப் புதைத்த வெசூவியஸ் எரிமலையின் சரிவு அது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் தக்காளியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அதன் காட்டு மூதாதைகள் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் வளர்ந்தவை. அதைத் தோட்டப் பயிராக்கி, சந்தையில் வைத்து விற்றவர்கள் மெக்ஸிகோ தேசத்துப் பழங்குடிகள். அவர்களுடைய 'தோமாத்ல்' என்ற சொல்தான் தேய்ந்து 'டொமேட்டோ' ஆயிற்று. 1521-ல் ஸ்பானியர்கள் மெக்ஸிகோவை வென்றார்கள். பொன்னையும் வெள்ளியையும் கப்பலில் ஏற்றியவர்கள், போகிற போக்கில் சில விதைகளையும் கொண்டு போனார்கள். பொன் போன இடம் தெரியவில்லை. விதைதான் நிலைத்தது.

நமக்கும் தக்காளி வெளியூர்ச் சரக்குத்தான். போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆனால் 'தக்காளி' என்ற பெயர் மட்டும் நம்முடையது. வேலி ஓரத்தில் தானாக முளைத்து, சின்னஞ்சிறு பழம் பழுக்கும் உள்ளூர்ச் செடிகளுக்கு வழங்கிய பெயர் அது. மணத்தக்காளியில் அந்தப் பழைய உறவு இன்னும் இருக்கிறது. புதிதாக வந்த பெரிய பழத்தைப் பெரியவர்கள் 'சீமைத் தக்காளி' என்று அழைத்தார்கள். காலப் போக்கில் 'சீமை' உதிர்ந்து போயிற்று. விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான்!

இத்தாலியில் இந்த விருந்தாளிக்கு முதலில் அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. 1544-ல் மத்தியோலி என்ற வைத்திய சாஸ்திரி, கத்தரிக்காயைப் போல் எண்ணெயில் வதக்கி, உப்பும் மிளகும் போட்டுத் தின்னும் ஒரு புதுக் காயைப் பற்றி எழுதினார். பத்து வருஷம் கழித்து வந்த பதிப்பில் அதற்குப் 'பொற்கனி' என்ற பொருளுள்ள பெயரைக் குறித்தார். அந்தப் பெயரே இன்றுவரை இத்தாலிய மொழியில் தக்காளிக்கு நிலைத்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சிறு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1548-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, மெதிச்சி வம்சத்துக் கோசிமோ பிரபுவின் காரியஸ்தர் ஒருவர், பிரபுவின் அந்தரங்கக் காரியதரிசிக்கு எழுதினார். பிளாரன்ஸை அடுத்த பண்ணையிலிருந்து அனுப்பிய ஒரு கூடைத் தக்காளி பத்திரமாக வந்து சேர்ந்தது என்பதுதான் விஷயம். ருசி எப்படி, நிறம் எப்படி என்பதல்ல; பத்திரமாக வந்தது என்பதே எழுத வேண்டிய செய்தியாக இருந்தது. ஐரோப்பாவில் தக்காளியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய காகிதங்களில் ஒன்று, பழம் அழுகாமல் வந்ததே என்று பெருமூச்சு விடுகிறது! எங்கள் தெரு அம்மாளின் கேள்விக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷ வயது ஆகிறது என்று தெரிந்து கொண்டேன்.

நேபிள்ஸ் நகரம் இரண்டு நூற்றாண்டுகள் ஸ்பானிய ராஜப் பிரதிநிதிகளின் ஆட்சியில் இருந்தது. ஆகவே ஸ்பெயின் வழியே வந்த இந்தச் செடி அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. 1690-களில் அந்தோனியோ லத்தீனி என்பவர் நேபிள்ஸில் அச்சிட்ட சமையல் நூலில், தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலை உரித்து, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், காடி சேர்த்துச் செய்யும் ஒரு துவையல் இருக்கிறது. 'ஸ்பானிய முறை' என்றே அதற்குப் பெயர். நம் வீட்டுத் தக்காளித் துவையலுக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

பணக்காரர் வீட்டுச் சமையல்காரருக்குத் தக்காளி கோடை காலத்து வேடிக்கை. மலைச் சரிவில் இருந்த ஏழைக் குடியானவனுக்கோ அது குளிர்காலத்துப் பிரச்னை. டிசம்பர் முதல் மார்ச் வரையில் தோட்டத்தில் கிடைப்பது கீரையும் கோஸும்தான். ரொட்டிக்கும் சேமியாவுக்கும் மேலே ஊற்றிக் கொள்ள, புளிப்பாகவும் சிவப்பாகவும் ஏதாவது இருந்தால் அந்த உணவு தொண்டையில் இறங்கும். தகர டப்பா 19-ம் நூற்றாண்டின் சரக்கு. அடைத்து வைக்கும் வித்தையைப் பிரெஞ்சுக்காரர் அப்பேர் 1810-ல்தான் புத்தகமாக வெளியிட்டார். அது மலைக் கிராமத்துக்கு ஏறி வர இன்னும் வெகு காலம் ஆயிற்று. அதுவரையில் என்ன செய்வது?

அவர்கள் செய்ததை இப்போது பார்க்கலாம்.

வெசூவியஸ் தக்காளி சிறியது. ஒரு பழம் இருபது, இருபத்தைந்து கிராமுக்கு மேல் இராது. அடியில் ஒரு சிறு மூக்கு நீட்டிக் கொண்டிருக்கும். தோல் தடிப்பு. பிப்ரவரி, மார்ச்சில் நாற்று விடுகிறார்கள். ஏப்ரலில் பிடுங்கி நடுகிறார்கள். மண் எரிமலை கக்கிய சாம்பலும் கருமணலும் கலந்தது. பொட்டாஸியம் முதலிய சத்துக்கள் நிறைய உண்டு. ஆனால் தண்ணீர் நிற்காது. கோடையில் மழையும் அபூர்வம். செடிக்குக் கொம்பு நட்டுக் கட்டி, கொத்து மண்ணைத் தொடாமல் பார்த்துக் கொள்வார்கள். தண்ணீர் மிகக் கொஞ்சமாகத்தான் காட்டுவார்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரையில் அறுவடை. பழத்தைத் தனித் தனியே பறிப்பதில்லை, கொத்தோடு அறுக்கிறார்கள். கொத்தில் பெரும்பாலான பழங்கள் சிவந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு செங்காயாக இருந்தால் பாதகமில்லை. பிறகு சணல் கயிற்றை வளையமாக முடிந்து, அதில் கொத்துக்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கோத்துக் கொண்டே போவார்கள். முடிவில் ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரையில் எடையுள்ள ஒரே பெருங்குலை ஆகிவிடும். அதை உத்தரத்திலோ மாடத்திலோ, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் தொங்க விடுகிறார்கள். அந்தக் குலைக்குத்தான் 'பியென்னோலோ' என்று பெயர். தொங்கல் என்பதே பொருள்.

தொங்க விட்டுவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ண வேண்டாம். அடிக்கடி குலையைப் பார்த்து, கெட்ட பழத்தை எடுத்து விட வேண்டும். ஒன்று அழுகினால் அண்டை வீட்டையும் கெடுக்கும் என்பது எல்லா ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயந்தானே? மாதங்கள் செல்லச் செல்லத் தோல் சுருங்கும். தண்ணீர் வற்ற வற்ற உள்ளே இருக்கும் இனிப்பும் புளிப்பும் செறிந்து கொண்டே போகும். ஆகஸ்டுப் பழத்தைவிட ஜனவரிப் பழம் குழம்புக்கு உயர்ந்தது என்று அந்த ஊரார் சொல்வார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் நேபிள்ஸ் வீடுகளில் ஏசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் ஜோடிக்கும் வழக்கம் உண்டு, நம் கொலுவைப் போல. அந்தத் தொழுவங்களில் ஏதோ ஒரு மூலையில் இந்தச் சிவப்புக் குலையும் பொம்மையாகத் தொங்கிக் கொண்டிருக்கும்.

இது எத்தனை காலத்து வழக்கம்? 1858-ல் அகிலே புரூனி என்ற தாவர நூல் பேராசிரியர், நேபிள்ஸ் வட்டாரத்துக் காய்கறிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் இந்தச் சிறு தக்காளி மிகுந்த ருசியுள்ளது என்றும், கொத்தாகக் கட்டிக் கூரையில் தொங்க விட்டால் வசந்தம் வரை கெடாமல் இருக்கும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். பேராசிரியர் எழுதியபோது அது ஊரறிந்த பழக்கம். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறைகள் என்பதை எழுதி வைத்தவர் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் சமையலறையில் இல்லை. சமையலறையில் இருந்தவர்கள் எழுதவில்லை. சரித்திரத்தில் பாதி இப்படித்தான் கை நழுவிப் போகிறது.

"அதெல்லாம் சரி, பழம் ஏன் கெடவில்லை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தக்காளியின் தோலில் இலையில் இருப்பது போன்ற சுவாசத் துவாரங்கள் கிடையாது. மெழுகு பூசிய உறை மாதிரி அது பழத்தை மூடியிருக்கிறது. காற்றும் நீரும் போய் வரும் பிரதான வாசல் காம்பு இருக்கும் இடந்தான். காம்பைக் கிள்ளிப் பழத்தை எடுத்தால் அந்த வாசல் திறந்து கொள்கிறது. நீர் வெளியே போகிறது. பூஞ்சைக் காளான் உள்ளே வருகிறது. கொத்தோடு அறுத்த பழத்தில் வாசல் திறப்பதில்லை. தண்ணீருக்குத் தவித்து வளர்ந்த பழமாதலால் உள்ளே நீர் குறைவு, சாரம் அதிகம்; வெடிப்பதும் குறைவு. தொங்குவதால் நசுக்கும் பாரமும் இல்லை, நாலு பக்கமும் காற்று.

தண்ணீர் பாயும் கொழுத்த நிலத்தில் விளைந்த பழம் பெரிதாக இருக்கும், சீக்கிரம் அழுகும். வறண்ட சரிவில் விளைந்தது சிறிதாக இருக்கும், காத்திருக்கும். மலையின் கஞ்சத்தனம்தான் அந்த ஜனங்களுக்குப் பத்தாயமாக வாய்த்தது.

மத்தியதரைக் கடலைச் சுற்றி இந்த வித்தை இன்னும் சில இடங்களில் உண்டு. ஸ்பெயினில் கடலோனியா நாட்டாரும், மஜோர்க்கா தீவினரும் தொங்கவிடும் தக்காளி வைத்திருக்கிறார்கள். மஜோர்க்காவில் கொத்துக்களை ஊசி நூலால் மாலை தொடுப்பது போலக் கோப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு பழத்தை இரண்டாக அறுத்து ரொட்டியின் மேல் தேய்த்து, எண்ணெயும் உப்பும் விட்டால் பலகாரம் தயார். இந்த ஸ்பானிய இனங்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஒரு சுவாரஸ்யமான உண்மையைக் கண்டார்கள். பழம் பழுக்க உத்தரவு கொடுக்கும் மரபணு ஒன்றில் அவற்றுக்குச் சிறு மாறுதல் இருக்கிறது. பழுக்கும் காரியம் நின்று விடுவதில்லை, நிதானமாக நடக்கிறது. போர்த்துகல் தேசத்து அல்கோபாசா என்ற தக்காளியில் முதலில் கண்டதால் அந்த மாறுதலுக்கு அந்தப் பெயரே அமைந்தது. மரபணு என்ற சொல்லையே கேட்டிராத குடியானவர்கள், எந்தச் செடியின் பழம் கடைசி வரை நின்றதோ அதன் விதையை எடுத்து எடுத்து விதைத்து, அதைத் தங்கள் வீட்டில் நிலைநாட்டியிருக்கிறார்கள்!

இனி நவீன காலத்துக்கு வருவோம். 20-ம் நூற்றாண்டில் தக்காளி லாரியிலும் கப்பலிலும் பிரயாணம் செய்யத் தொடங்கியது. வியாபாரிக்கும் காத்திருக்கும் பழம் வேண்டியிருந்தது. 1968-ல் ராபின்சன், டோம்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பழுக்கவே மறுக்கும் ஒரு தக்காளியைப் பற்றி எழுதினார்கள். மாதக் கணக்கில் மஞ்சளாகக் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், சிவக்காது. அதைச் சாதாரண இனத்தோடு கலந்தபோது, மெதுவாகப் பழுத்து வெகுநாள் நிற்கும் கலப்பினங்கள் பிறந்தன. கடைகளில் அடுக்கி வைக்க வெகு சௌகரியம். ஆனால் அவற்றில் மணமும் ருசியும் குறைந்து விட்டன என்ற புகார் எழுந்தது. பழத்தின் ஓட்டத்தை நிறுத்தினால், ஓடிச் சேர வேண்டிய இடத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

1994-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்ஜீன் கம்பெனி, பழம் இளகாமல் இருக்கும்படி மரபணுவையே மாற்றிய தக்காளியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மரபணு மாற்றிய முழு உணவுப் பொருளில் கடைக்கு வந்த முதலாவது அது. சில வருஷங்களில் மறைந்தும் போயிற்று. உற்பத்திச் செலவு கட்டவில்லை.

விஞ்ஞானத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு வழிகளுக்கும் நோக்கம் ஒன்றல்ல என்பதைத்தான் சொல்கிறேன். வியாபாரி பழத்தைத் தூர தேசத்துக்கு அனுப்பப் பார்த்தான். வெசூவியஸ் குடியானவனின் மனைவி அதைத் தன் வீட்டிலேயே அடுத்த வசந்தத்துக்கு அனுப்பப் பார்த்தாள். அவள் பழத்தைக் கொத்திலேயே சிவக்க விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் காத்திருக்கச் சொன்னாள்.

அந்த வீடு நிலையானதா என்றால், அதுவும் இல்லை. கி.பி. 79-ல் பாம்பேயி புதைந்தது. கருகிய ரொட்டியும் அத்திப் பழமும் அங்கே அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். தக்காளி கிடையாது, அது இன்னும் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் இருந்தது. 1631-ல் மலை மறுபடி வெடித்து ஆயிரக்கணக்கானவர்களைப் பலி கொண்டது. கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்தது. யுத்தத்தாலும் பஞ்சத்தாலும் நேபிள்ஸ் நொந்து போயிருந்த சமயம். சான் செபஸ்தியானோ என்ற ஊரின் மேல் நெருப்புக் குழம்பு மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. அது வருவதற்குள் ஜனங்கள் எடுக்கக் கூடிய சாமான்களை எடுத்துக் கொண்டு வெளியேறினார்கள். மார்ச் மாதம் என்பது தொங்கல் தக்காளியின் கடைசிக் காலம். நாற்று விடும் காலமும் அதுவே. தலைமேல் தொங்கும் பழைய குலையையும் கையிலிருக்கும் புது விதையையும் வைத்துக் கொண்டு எரிமலையை அண்ணாந்து பார்த்த அந்த மனிதர்களை நினைத்தால், நமக்குத் தெரிந்த கஷ்டங்கள் கொஞ்சம் சிறிதாகத் தோன்றுகின்றன.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஊரை மறுபடி கட்டினார்கள். மலை செய்யாததைச் சமாதான காலம் செய்யப் பார்த்தது. யுத்தத்துக்குப் பிறகு நகரம் சரிவின் மேல் ஏறிற்று. தோட்டங்கள் கட்டடங்கள் ஆயின. டப்பாத் தக்காளி மலிவாகக் கிடைத்தபோது கயிறு கட்டுவானேன் என்று இளைஞர்கள் எண்ணினார்கள். ஆனாலும் சில குடும்பங்கள் விதையை விடவில்லை. 1995-ல் மலை தேசியப் பூங்கா ஆயிற்று. 2009 டிசம்பரில் ஐரோப்பிய யூனியன் இந்தத் தக்காளிக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்து, அந்த மலையடியில் விளைவதற்கே அந்தப் பெயர் உரியது என்று விதித்தது. வீட்டுச் சமையலறை வித்தை ஒன்று அரசாங்க கெஜட்டில் ஏறியது.

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? நானும் மொட்டை மாடியில் நாட்டுத் தக்காளி விதைத்தேன். பொங்கலுக்குப் பிறகு, மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருந்த நாட்களில், தண்ணீரைக் குறைத்துக் கொத்தோடு அறுத்தேன். சணல் கயிற்றில் கோத்து, கூடத்தில் பழைய ஊஞ்சல் கொக்கியில் மாட்டினேன். வீட்டில் நடந்த பரிகாசத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. பத்தாம் நாள் எறும்பு வந்தது. பதினைந்தாம் நாள் காம்பை விட்டுக் கழன்ற பழங்களெல்லாம் அழுகின. சென்னையின் ஈரக் காற்று வெசூவியஸின் காற்று அல்ல. என் விதையும் அந்த விதை அல்ல. ஆனால் நாலு பழம் நின்றது. முப்பத்தெட்டாம் நாள் அதில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. தோல் சுருங்கி, நிறம் கறுத்து, ஆனால் கெடாமல்.

அதைக் காய்கறிக்கார அம்மாளிடம் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் பழத்தை வாங்கி விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

"புளி ஆயிடுச்சோ இல்லையோ, உள்ளே உசிரு இருக்குது சார்" என்றாள். பிறகு அதை என் கையில் திருப்பி வைத்து, "குழம்புலே போட்டுடாதீங்க. விதைக்கு எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக் கொண்டாள்.